பதின்மூன்று படங்கள்

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் ஈரம் படிந்து புருஷனின் முகம் மங்கும்போதெல்லாம் ஜானகி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். பெங்களூர் மர்பி டவுனின் அந்தச் சந்தில் பந்தல் போட இடமில்லை. சுவரோரமாக நாற்காலிகளை வரிசை போட்டிருந்தார்கள். பெரிய ரோஜா மாலையோடு ராஜேந்திரன் உள்ளே நுழைந்ததும் மகள் பார்கவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடிருந்தபோது அப்பாவுக்கு ஒரு ஸ்டூல் கேட்டால் தராத மனிதர் அவர்.

ஹென்னூர்ப் பக்கம் பதினாலு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பி முடியும் நிலையில் இருந்தது. ராஜேந்திரன் அதற்கு மேனேஜர். அப்பாதுரை அங்கே ராத்திரி வாட்ச்மேன். தங்கவயலில் சுரங்கத்தை இழுத்து மூடியபின் தினமும் ரயிலேறி வந்து பெங்களூரில் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவர். அறுபத்தாறு வயதில் அவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மகள் பார்கவிதான். அந்தக் கட்டடம் வளர்வதை வீடியோவாக்கித் தருவது அவளுடைய பிழைப்பு. கெஞ்சிக் கேட்டு அப்பாவை உள்ளே நுழைத்திருந்தாள்.

நேற்றுக் காலை அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார்.

ராஜேந்திரன் மாலையைப் போட்டுவிட்டு ஜானகியின் முன்னால் குனிந்தார். "ஏழு இருபதுக்கு விழுந்தாரும்மா. ஏழரைக்கு வண்டியில ஏத்திட்டோம். ஒரு நிமிஷம் விடல."

"டாக்டரு வேற மாதிரி சொன்னாரே சார்," என்றாள் ஜானகி. "அரை மணி நேரம் முன்னாடி இட்டுனு வந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு."

"டாக்டருங்க எப்பவும் அப்படித்தாம்மா சொல்வாங்க."

ஜானகி மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தாள். நேற்றிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். விழுந்தாரா, போனாரா என்றால் விதி என்று விட்டுவிடலாம். நாதியில்லாமல் கிடந்தாரா, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாரா என்று தெரியாமல் எப்படி அனுப்புவது? ராத்திரி முழுக்க நாத்தனார் காந்தாவிடம் இதையே சொல்லிச் சொல்லி அழுதிருந்தாள்.

ராஜேந்திரன் பார்கவியைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த நேரத்துல கேக்கக் கூடாது. சனிக்கிழமை சாவி குடுக்கற ஃபங்ஷன். வீடியோ ரெடியான்னு மேல கேக்கறாங்க. நேத்து எடுத்த படமெல்லாம் உங்ககிட்ட வந்திருக்குமா?"

ஓகோ, இதற்குத்தான் மாலையா என்று நினைத்துக்கொண்டாள். "வந்திருக்கும் சார். அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு தானா வந்துரும். இப்பவே போய்ப் பாக்கறேன். எங்கப்பா எப்ப விழுந்தாரு, நீங்க எப்ப வந்தீங்க, எல்லாம் அதுல இருக்கும்."

அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தாள். எதிர்க் கட்டட மாடியில் கேமரா. இரண்டு வருஷமாக அது எடுத்த படங்களை மூன்று நிமிஷமாக்க வேண்டும். வெயிலும் மேகமும் மாறி மாறி வந்து படம் துடிப்பதைச் சமன் செய்வாள். காற்றில் கேமரா ஆடியதை நிமிர்த்துவாள். கடைசியாக ஆட்களை அழிப்பாள். அதுதான் கம்பெனிக்கு முக்கியம். வாங்க வருகிறவன் கண்ணுக்குக் கட்டடம் தானாக முளைத்தது போலிருக்க வேண்டும், வேர்வையும் சிமென்ட் சட்டியும் தெரியக் கூடாது. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, இடம் மாறியதை எல்லாம் கம்ப்யூட்டரே துடைத்துவிடும். அசையாதது மட்டும் மிஞ்சும். மூட்டை, டிரம் என்று ஏதாவது அசிங்கமாக மிஞ்சினால் அவள் கையால் மூடுவாள்.

நேற்றைய மூலப் படங்களைத் திறந்தாள்.

ஆறு பதினைந்தில் அப்பா கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். மழைக்குப் போட்ட நீலக் கோட்டைக் கழற்றியிருக்கவில்லை. ஆறு இருபதில் மணல் குவியலுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். ஆறு இருபத்தைந்தில் கிடந்தார். ஆறே முக்காலுக்குத் தண்ணீர் லாரி வந்து அவரைத் தாண்டி நின்றது. வாட்ச்மேன் தூங்குகிறான் என்று நினைத்திருப்பான் டிரைவர். ஏழு மணிக்கு மேஸ்திரி ஆட்கள் நான்கு பேர் கடந்து போனார்கள். ஏழு இருபது வரைக்கும் எண்ணினாள். பதின்மூன்று படங்கள். ஏழு இருபத்தைந்தில்தான் அவரைச் சுற்றி ஆட்கள் குனிந்திருந்தார்கள்.

ராஜேந்திரன் புளுகியிருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. பதின்மூன்றையும் போனில் ஏற்றி, வாசலில் அத்தனை பேர் முன்னால் அந்த ஆள் மூஞ்சிக்கு நேராக நீட்ட வேண்டும் என்று கை பரபரத்தது.

படங்களைப் பெரிதாக்கினாள். அப்பா சும்மா கிடக்கவில்லை. ஒரு படத்தில் கை நெஞ்சின் மேல் இருந்தது. அடுத்ததில் மணலில் நீண்டிருந்தது. அதற்கடுத்ததில் தலைக்கு மேல். கால் மடங்கியிருந்தது, பிறகு நீட்டியிருந்தது. ஏழு மணிப் படத்திலும் கை இடம் மாறியிருந்தது. ஏழு மணிக்கு அவருக்கு உயிர் இருந்திருக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேற்றுக் காலை அவளும் இதே நாற்காலியில்தான், வந்து விழுந்த படங்களை அப்போதைக்கப்போதே துடைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வேண்டாம் வேண்டாம் என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் துடைத்து முடித்த படத்தைத் திறந்தாள். மணல் குவியல் சுத்தமாக இருந்தது. அதன்மேல் அவள் போட்ட ஒட்டு, பக்கத்து மணலை நகலெடுத்து வைத்தது. ஒட்டை விலக்கினாள். அடியில் ஒரு நீல மூட்டை. அசைந்த கையையும் காலையும் தலையையும் கம்ப்யூட்டர் துடைத்துவிட்டு, அசையாத கோட்டை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

எவன்டா இங்க மூட்டையைப் போட்டது என்று திட்டியது நினைவுக்கு வந்தது. ஒரு கையில் தோசை இருந்தது. மறு கையால் நான்கே சொடுக்கில் மூடியிருந்தாள். ஒட்டின் ஓரத்தில் நேரம் பதிவாகியிருந்தது. ஏழு மணி இரண்டு நிமிஷம்.

லாரிக்காரன் பார்க்கவில்லை. மேஸ்திரி ஆட்கள் பார்க்கவில்லை. அவள் உற்றுப் பார்த்தாள், பார்த்து மூடினாள். ஒரு போன் போட்டிருந்தால் போதும். வாயில் புடவைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, காந்தா கதவைத் தட்டினாள்.

"வண்டி வந்திருச்சி பார்கவி. எடுக்கறாங்க, வா."

வெளியே வந்தபோது பெட்டியிலிருந்து அப்பாவை எடுத்துப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். ராஜேந்திரன் போகவில்லை. வாசற்படிக்கு வெளியே ஷூவோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜானகி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ அந்தப் படத்தப் பாக்கப் போனன்னு சார் சொன்னாரு. பாத்தியா? எவ்ளோ நேரம் கெடந்தாரு உங்கப்பா?"

தூக்க வந்த ஆட்கள் நின்றார்கள். காந்தா அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"சொல்லு. எதுவா இருந்தாலும் சொல்லு. தண்ணி கேட்டிருப்பாரா?"

பார்கவி அப்பாவின் கையைப் பார்த்தாள். இரண்டு கட்டைவிரலையும் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"ஒரே ஒரு படத்துலதாம்மா கெடக்கறாரு," என்றாள். "அடுத்த படத்துல எல்லாரும் வந்துட்டாங்க. அஞ்சு நிமிஷம்கூட இருக்காது."

"அஞ்சு நிமிஷமா?"

"அஞ்சு நிமிஷம்தான்."

ஜானகி பெருமூச்சு விட்டாள். பிடி தளர்ந்தது. "அப்ப தாகம் எடுத்திருக்காது," என்று காந்தாவிடம் சொன்னாள். "நாந்தான் சாரைத் தப்பா நெனச்சிட்டேன்." பிறகு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "சார், கடைசியா நீங்கதான் அவர தூக்கினீங்க. இப்பவும் ஒரு கை குடுங்க."

ராஜேந்திரனுக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. தன்னைக் காப்பாற்றத்தான் இவள் பொய் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டார் போலும். பார்கவியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். ஷூவைக் கழற்றி, சாக்ஸையும் கழற்றி உள்ளே திணித்துவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு பாடையை நோக்கி வந்தார்.

வழியில் ஒரு நாற்காலி கிடந்தது. பார்கவி அதை இழுத்து ஓரமாகப் போட்டாள்.