குறுக்கே கிடந்த இரண்டு கிளைகள்

1

இந்தக் கதை ஒரு பயத்திலிருந்து பிறந்தது. எங்கள் பவேரியக் கிராமத்தில் புல் வெட்டும் காலம் வந்தால் நான் சன்னலைச் சாத்திக்கொள்வேன். இயந்திரத்தின் சத்தத்துக்குப் பயந்து அல்ல, அது திடீரென்று நின்றுவிடுமோ என்று பயந்து. நடு வயலில் நின்றால் பிளேடில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் மான்குட்டி. பிறந்து சில நாளே ஆன குட்டி ஆபத்து வந்தால் ஓடாது. இன்னும் ஒடுங்கிப் படுத்துக்கொள்ளும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வால்பூர்கா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு…"

அடித்துவிட்டேன். அன்று அவள் கையில் இருந்தது ஒரு பழக்கூடைதான்.

2

ஊரார் புர்கி என்று கூப்பிடும் வால்பூர்கா ஒரு வேட்டைக்காரி. ஊர்க்காட்டின் வேட்டை உரிமை யாருக்கோ, அதைப் பேணும் கடமையும் அவருக்கே என்பது இங்கே சட்டம். இலையுதிர் காலத்தில் சுடுவாள். சுட்ட மானின் வாயில் பசுங்கிளை ஒன்றைக் கடைசிக் கவளமாக வைத்து, தொப்பியைக் கழற்றி நிற்பாள். மே மாதத்தில் மான்குட்டிகளைத் தேடிப் புல்லில் தவழ்வாள்.

(இந்தப் பாத்திரத்தை நான் நெடுநாள் நம்பவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்றே நினைத்தேன். கேட்டும் விட்டேன். "நான் சுட்டா அதுக்குச் சத்தம்கூடக் கேக்காது. பிளேடுல கால் போன குட்டி கத்துறத நீ கேட்டிருக்கியா? கேட்டுட்டு வந்து பேசு" என்றாள்.)

3

அன்று விவசாயி கொர்பினியான் புல் வெட்டவிருந்த வயலில் ஒரு குட்டி கிடைத்தது. அதைக் கூடையில் இட்டு மரநிழலில் வைத்தாள். மான் பெரும்பாலும் இரட்டை ஈனும். இன்னொன்று எங்கோ கிடக்கிறது. நாயைக் கூட்டிவரக் கிளம்பியவள், வேலிக்கம்பத்தடியில் இரண்டு ஓக் கிளைகளைக் குறுக்கே வைத்தாள். வேட்டைக்காரர் பாஷையில் அதற்கு 'இங்கே காத்திரு' என்று பொருள். அவற்றின் சிறு கொப்புகள் உரிக்கப்பட்டு மொட்டையாகக் கிடந்தால், 'காத்தது போதும்'. கொர்பினியானும் வேட்டைக் குடும்பத்துப் பிள்ளைதான்.*

* போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கிளை வைத்தபின் போனும் செய்வது, 'உனக்கு இதுகூடத் தெரியாது' என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும்.

4

தாய் மான் வந்தது. குட்டிகளைத் தேடி வேலியோரம் அலைந்தது. ஓக் இலை தளிராக இருந்தது, அதனால் அது —

(மனித வாடை வீசும் கிளையை மான் தொடுமா? தொடாது என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். கொர்பினியானின் வெள்ளாடு என்று மாற்றிப் பார்த்தேன். ஆனால் வேலியடி ஈரத்தில் இருந்தது மானின் குளம்புத் தடம். நான் என்ன செய்ய?)

மழை இருட்டிக்கொண்டு வந்தது. கொர்பினியான் வந்து பார்த்தான். மொட்டைக் கிளைகள். டிராக்டரில் ஏறினான்.

5

நாயோடு மேட்டில் ஏறும்போதே புர்கிக்கு டிராக்டர் சத்தம் கேட்டது. கத்திக்கொண்டே ஓடினாள்.

"நிறுத்துடா! கொர்பி, நிறுத்து!"

நிறுத்தினான். பாதி வயல் வெட்டியாகியிருந்தது.

"இப்ப என்ன? நீதானே உரிச்சு வச்ச? மொட்டைக் கிளைக்கு என்ன அர்த்தம்னு என் அப்பன் எனக்குச் சொல்லலைன்னு நெனச்சியா?"

"நான் உரிக்கலடா."

"பின்ன, பேயா வந்து உரிச்சுது?"

அவள் கையைக் காட்டினாள். காட்டோரம் தாய் மான் நின்றது. அதன் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

கொர்பினியானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எதுவும் சிக்கின மாதிரி தெரியல புர்கி" என்றான். பிறகு மெல்ல, "சின்னதா இருந்தா தெரியாதுல்ல?" என்றான்.

6

முடிவு ஒன்று: நிற்கும் புல்லுக்குள் நாய் மூக்கை நுழைக்க, அங்கே உயிரோடு — (ரொம்ப இனிப்பு. அடித்தாயிற்று.)

முடிவு இரண்டு: வெட்டிக் கிடந்த புல்லைக் கொர்பினியான் புரட்டியபோது —

என்னால் முடியவில்லை.

"நீ வெட்டின பக்கம் பாரு" என்கிறாள் புர்கி.

"நீ பாரு" என்கிறான் அவன்.

இருவரும் நகரவில்லை. நானும்தான். தூறல் விழத் தொடங்கிவிட்டது.

ஆகவே நீங்கள் போங்கள். வெட்டிய பாதியா, நிற்கும் பாதியா, உங்கள் இஷ்டம். மெதுவாகக் கால் வையுங்கள். போகுமுன் ஒரு பிடி புல்லைப் பிடுங்கி இரண்டு கையிலும் நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். குட்டியின் மேல் உங்கள் வாடை ஒட்டிவிட்டால் தாய் அதைத் திரும்பச் சேர்க்காது.