ஏழாவது கல்

தம்பியின் மூக்கருகே பிடித்திருந்த சவரக் கண்ணாடியைத் தங்கம்மாள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மூச்சு இருந்தால் ஆவி படியும். படியவில்லை. ஆனால் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஏழெட்டு இருந்தன.

“போயிட்டான்” என்றாள். அழத் தொடங்குவதற்கு முன், “ஏண்டி சௌந்தரம், இத யாரு இப்படிக் கீறி வெச்சது?” என்று கேட்டாள்.

“தெரியலீங்க அண்ணி.”

தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு கல்.

நடனசபாபதி திருப்பாதிரிப்புலியூரில் பத்திர ஆபீஸ் குமாஸ்தா. பக்கவாதத்தில் படுத்து மூன்று வருஷம். அதற்கு முன்னாலும் அவர் மனைவி சௌந்தரம் வாசல் தாண்டியது குறைவு. கறிகாயிலிருந்து ரவிக்கைத் துணிவரை அவரே வாங்கி வந்துவிடுவார். “வெளிய என்னா இருக்குது உனக்கு?” என்பார். அதனால் கற்கள்தான் அவளைத் தேடி வீட்டுக்கு வந்தன. ரேஷன் அரிசியில் வந்தன. பக்கத்து வீட்டு மங்கம்மா சுவர் எழுப்பக் கெடிலம் ஆற்றிலிருந்து அடித்த மணலில் வந்தன.

கடுகு மடித்து வந்த தாள் ஒன்று ஏதோ பள்ளிக்கூடப் புத்தகத்தின் பக்கம். அதில் கற்களைக் கடினத்தின்படி வரிசைப்படுத்தியிருந்தார்கள். முதலாவது மாக்கல், நகம் பட்டாலே கீறும். மூன்றாவதைச் செப்புக்காசு கீறும். ஐந்தாவதைக் கத்தி கீறும். ஏழாவது படிகம். கத்தி அதை ஒன்றும் செய்யாது. அது கண்ணாடியையே கீறும். எட்டிலிருந்து தாள் கிழிந்துபோயிருந்தது.

சவரக் கண்ணாடியில் கோடு விழுந்ததும் நம்பிவிடக் கூடாது என்பதைச் சௌந்தரம் தானே கண்டுபிடித்தாள். விரலால் துடைக்க வேண்டும். அழிந்தால் அது கல் உதிர்த்த பொடி. அழியாவிட்டால்தான் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது. கணவருக்குப் பிழிந்த எலுமிச்சை மூடியை முதலில் கல்லின் மேல் தேய்ப்பாள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், எறிந்துவிடுவாள். நுரைக்காததைப் புளித்தண்ணீரில் ஊறப்போடுவாள். செம்மண் கறை நாளுக்கு நாள் இளகும். பிறகு தேங்காய் நாரும் சாம்பலும்.

அரிசியில் கிடைத்த படிகங்கள் அரிசி அளவு. மணலில் கிடைத்தவை மொச்சை அளவு. உள்ளே வெளிச்சம் போய்வருகிற பெரிய கல்லை அவள் கண்டதில்லை. சிதம்பரத்தில் படிகலிங்கத்துக்கு அபிஷேகம் நடக்கும் என்று கேள்விப்பட்டு, கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டாள். “அடுத்த தடவ பாப்போம்” என்றார் அவர்.

எரித்துவிட்டு வந்த மறுநாள் தங்கம்மாள் வீட்டை ஒழித்தாள். பிஸ்கட் டப்பா ஒன்றை உலுக்கித் திறந்தாள்.

“என்னாடி இது, கல்லு?”

“சும்மா பொறுக்கி வெச்சதுங்க அண்ணி.”

“ஊருல அரிசியப் பொறுக்குனா கல்ல எறிவாங்க. நீ கல்ல எடுத்து வெச்சிக்கிட்டு எதடி எறிஞ்ச?” டப்பாவைக் கொல்லைச் சாக்கடையில் கவிழ்த்தாள். “பதினாறு முடிஞ்சதும் எங்கூட சிதம்பரம் வந்துடு. பின்கட்டுல ரூம்பு இருக்குது. வருஷம் திரும்புற வரைக்கும் வாசப்பக்கம் வரக்கூடாது, கோயிலும் கெடையாது. அப்பறமும் என்னா, அங்கியே இருந்துக்க.”

சாக்கடை கறுப்பாக ஓடியது. ஒரு கல்லாவது தெரிகிறதா என்று சௌந்தரம் பார்த்தாள். தெரியவில்லை.

பதினாறாம் நாள் விடியலில் அவளைக் கெடிலத்துக்கு அழைத்துப் போனார்கள். கூப்பிடு தூரத்தில் ஓடுகிற ஆறு. கல்யாணமாகி வந்த பதினெட்டு வருஷத்தில் அவள் அதில் இறங்கியது அன்றுதான். தலையைக் குனிந்து நடக்கச் சொன்னார்கள். அது அவளுக்கு வசதியாக இருந்தது. காய்ந்த கல் சொரசொரப்பில் நிறத்தை மறைத்துவைத்திருக்கும். அந்தச் சொரசொரப்பைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் உள்நிறம் வெளியே வந்துவிடும். தண்ணீர் ஓரமாக மஞ்சள், தேன் நிறம், பால் வெள்ளை எல்லாம் கிடந்தன.

“வெளிச்சம் வரதுக்குள்ள முடிக்கணும்னீங்க. வெயிலே வந்துடுச்சி. ஒரு காபித்தண்ணிகூட இல்ல” என்று கரையில் தங்கம்மாளின் புருஷன் சக்கரபாணி முனகினார்.

“ஒங்க காபிக்காவா எந்தம்பி செத்தான்? அந்தாண்ட திரும்புங்க.”

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வளையலை உடைக்கக் கல் வேண்டும். தங்கம்மாள் குனிந்து கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்தாள். கோழிமுட்டை அளவு. மேலெல்லாம் செம்மண் கறை. ஓங்கி அடித்தாள். வளையல் நொறுங்கியது. கல் மறுபடி உயர்ந்தபோது அதன் பெயர்ந்த முனை ஒன்றில் வெயில் பட்டு, உள்ளே போய், நின்றது.

சௌந்தரம் அதையே பார்த்தாள். தாலியைக் கழற்றிப் பாலில் போட்டபோதும் அதையே பார்த்தாள்.

“ஒரு சொட்டு கண்ணீர் வரல பாரேன்” என்றாள் மங்கம்மா.

தங்கம்மாள் கல்லைத் தண்ணீரில் எறிந்தாள். “மூணு முழுக்குப் போடு.”

முதல் முழுக்கில் மணல் அகப்பட்டது. இரண்டாவதில் கூழாங்கல், வழவழவென்று, அது இல்லை. மூன்றாவது முழுக்கில் அவள் எழவில்லை.

“ஐயோ, தூக்குங்கடி!”

இழுத்துப் போட்டார்கள். வலது கை முட்டியாக இறுகியிருந்தது. மங்கம்மா விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள்.

“வேணாம், விடு” என்றாள் தங்கம்மாள். அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “அவங்கூடவே போவப் பாத்திருக்கா.”

சிதம்பரத்துப் பின்கட்டு அறைக்கு ஒரு ஜன்னல். மரக்கதவு போட்டது. முகம் பார்க்கிற கண்ணாடி அவளுக்கு ஆகாது என்று எடுத்துவிட்டிருந்தார்கள். தட்டில் சோறு வந்தது. ரசத்துக்குக் கரைத்த புளிச் சக்கையையும் அவள் தினம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“என்னாத்துக்கு?”

“சொம்பு தேய்க்கறதுக்குங்க அண்ணி.”

சொம்புக்குள் கல் பத்து நாள் ஊறியது.

பதினோராம் நாள் கோயிலில் உச்சிகால மணி அடித்தது. வீட்டில் எல்லோரும் அங்கே போயிருந்தார்கள். சௌந்தரம் கல்லைத் துடைத்து எடுத்துக்கொண்டு, சுவரில் மாலையோடு மாட்டியிருந்த கணவர் படத்தின் முன் போய் நின்றாள். அந்த அறையில் வேறு கண்ணாடி இல்லை.

கல்லின் முனையைப் படத்தின் கீழ் மூலையில் வைத்து ஒருமுறை அழுத்தி இழுத்தாள். வெள்ளைக் கோடு விழுந்தது. விரலை நாக்கில் தொட்டு அதைத் துடைத்தாள். இன்னொரு முறை துடைத்தாள்.

கோடு அப்படியே இருந்தது.

மாலையை ஒரு விரற்கடை கீழே இறக்கிவிட்டாள்.