கனகவல்லி நின்றால் பொங்காது

தாம்பரம் கனகவல்லி பக்கத்தில் நின்றால் எந்த அடுப்பிலும் எதுவும் பொங்கி வழியாது. கேஸ் வீணாவது அவளுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். பருப்பை முன்கூட்டியே ஊறவைப்பாள். சின்னப் பாத்திரத்துக்குச் சின்ன பர்னர், எதற்கும் மூடி, விசில் வந்ததும் சிம், குழம்பை மிச்சச் சூட்டிலேயே சுண்டவைப்பது என்று காலம் தள்ளியவள். ஒருநாள் போன் பேசிக்கொண்டே பாலை மறந்துவிட்டாள். பால் விளிம்புவரை வந்து, அவளைப் பார்த்துவிட்டு மரியாதையாக நின்றுகொண்டது. அதன்பிறகு தெருவில் யார் கடைக்குப் போனாலும், "அக்கா, அடுப்புல சோறு கீது, கொஞ்சம் நின்னுகினு இரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மகள் சந்திரிகா கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்றுதான் வந்தது வினை. முழுத் தீயில் பால் தளதளவென்று கொதிக்கிறது, விளிம்பைத் தாண்டினால்தானே! மறுநாள் மார்கழி பிறக்கிறது. குடியிருந்த வாடகை வீட்டையும் காலி செய்தாயிற்று. "பால் பொங்காத வூட்ல நான் கால் வைக்கமாட்டேன்" என்று சந்திரிகாவின் மாமியார் தாயாரம்மாள் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கனகவல்லி கண்ணை மூடிப் பார்த்தாள், மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. நல்ல நேரம் முடியப்போகிற சமயத்தில் சந்திரிகா தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா, நீ தாம்பரத்துக்குப் போயிடேன்" என்றாள். மகள் வீட்டு விசேஷத்தில் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் கனகவல்லி ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

அவள் ஏறிய ரயில் நகர்ந்ததும் பால் பொங்கியது. எல்லோரும் கும்பிட்டார்கள். அதன்பிறகும் பொங்கியது. அடுப்பை அணைத்தார்கள், பொங்கியது. இத்தனை வருடம் அவளுக்கு அடங்கிக்கிடந்ததெல்லாம் கிளம்பிவிட்டது போலிருக்கிறது. குடம் குடமாகப் பிடித்தும் தீராமல் கூடத்தில் முழங்காலளவு ஏறியது. வாசலில் இருந்த தாயாரம்மாள், காலைத் தூக்கி மடித்துக்கொண்டு, நாற்காலியோடு கேட்வரை மிதந்துபோனாள்.

வண்டலூர் தாண்டும்போது கனகவல்லிக்கு போன் வந்தது.

"நிக்கவே மாட்டேங்குதும்மா. உன்னைப் போகச் சொன்னது தப்புதான், வந்துடும்மா" என்று சந்திரிகா அழுதாள்.

"சிம்ல வெச்சியாடி?"

"அடுப்பே அணைச்சாச்சும்மா."

எதிர் ரயிலில் திரும்பிவந்தாள். "உள்ளாற வா சம்பந்தி" என்று தாயாரம்மாளே இறங்கி, அவள் கையைப் பிடித்துப் பாலுக்குள் நடத்திக் கூட்டிப்போனாள். கனகவல்லி சமையலறையில் போய் நின்றாள், பால் அடங்கியது. சந்திரிகா அவள் தோளில் சாய்ந்து தேம்பினாள்.

"அழுதது போதும். குடத்துல பால் சூடா கீது, ஆறுறதுக்குள்ள எல்லாருக்கும் காபி கல" என்றாள் கனகவல்லி. "முதல்ல எனக்குக் குடு."