ஆயிரத்து நானூறு மைல்

1945ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்கள் பினாங்குத் துறைமுகத்தைத் தாக்கியபோது, அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நால்வர் இறந்தார்கள். மறுநாளும் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வேலை என்று ஜப்பானிய மேலதிகாரி மோரிதா சொல்லிவிட்டார்.

"இனிமே ஒருத்தனும் வர மாட்டான், டீச்சர்," என்றார் கங்காணி நாகூர் மீரான். "வராட்டி கெம்பிதாய், அந்த ஜப்பான் ராணுவப் போலீசு, வந்து இழுத்துட்டுப் போவான். என்ன செய்றது லா?"

யோகலட்சுமி அங்கே எழுத்தர். பள்ளி மூடப்படும் வரை பூகோளம் கற்பித்தவள். "நான் பேசறேன், அண்ணே," என்றாள்.

பள்ளியிலிருந்து எடுத்து வைத்திருந்த உலகப் படத்தை மோரிதாவின் மேசையில் விரித்தாள். கோணிச் சாக்கிலிருந்து உருவிய நூலைக் கல்கத்தாவுக்கும் பினாங்குக்கும் இடையே இழுத்துப் பிடித்தாள். பிறகு விமானங்கள் புறப்படக்கூடிய இன்னோர் இடமான திருகோணமலையிலிருந்தும் அளந்தாள். பேச்செல்லாம் மலாயில்தான்.

"எங்கிருந்து வந்தாலும் ஆயிரத்து நானூறு மைலுக்குக் கிட்ட. அந்த விமானம் மணிக்கு எவ்வளவு போகும்?"

மோரிதா அவளை முறைத்தார். "இருநூறு மைல். உனக்கு எதற்கு இது? நீ உளவாளியா?"

"பத்து வயசுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் இது. நீங்களே அளந்து பாருங்கள்."

அவர் அளந்தார். நூல் அதே இடத்தில்தான் முடிந்தது.

"வர ஏழு மணி நேரம், திரும்ப ஏழு மணி நேரம். அவர்கள் ஊரில் பொழுது நம் கடிகாரத்துக்கு மூன்று மணி நேரம் பின்னால். வெளிச்சம் இருக்கும்போதே ஊர் போய் இறங்கப் பார்ப்பார்கள். அப்படியானால் இங்கே நாம் வைத்திருக்கும் டோக்கியோ நேரத்துக்கு இரண்டு மணிக்குள் இங்கிருந்து கிளம்பியாக வேண்டும். அங்கே நள்ளிரவுக்குப் பிறகு புறப்பட்டால் இங்கே வந்து சேரப் பத்தாகிவிடும். பத்திலிருந்து இரண்டு வரை ஆட்களை ஊருக்குள் அனுப்பிவிடுங்கள். விடிந்ததும் தொடங்கிப் பத்து வரை, இரண்டுக்குப் பிறகு இருட்டும் வரை, மூட்டைக் கணக்கு குறையாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்."

"தவறினால்?"

"என்னைக் கேளுங்கள்."

மோரிதா ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் விமானம் ஒன்றுமே வரவில்லை. நடுப்பகல் வெயிலில் கிடங்கு ஆளில்லாமல் கிடந்தது. இன்னும் ஒரு நாள்தான் என்றார் மோரிதா. யோகலட்சுமி கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். விடை மாறவில்லை. அந்த விமானிகளும் தூங்க வேண்டும், வீடு திரும்ப வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாம் நாள் பதினொன்றேகால் மணிக்கு அபாயச் சங்கு ஊதியது.

ஊருக்குள்ளிருந்த பதுங்குகுழியில் அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாகூர் மீரான் சலவாத்து ஓதிக்கொண்டிருந்தார். நிலம் ஐந்தாறு தடவை அதிர்ந்தது. புகை அடங்கி வெளியே வந்தபோது கிடங்கின் கூரை இல்லை. கப்பல்கள் கட்டும் துறைப் பாலத்தின் ஓரத்தில் மூட்டைகள் கருகிக்கொண்டிருந்தன.

நாகூர் மீரான் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். எண்பத்து மூன்று பேரும் பதில் சொன்னார்கள். கடைசிப் பெயருக்குப் பதில் வந்ததும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் இருக்காங்க, டீச்சர்!"

மோரிதா எரியும் கிடங்கையே பார்த்து நின்றார். பிறகு அவளிடம் வந்து, "நாளைக்கு?" என்று கேட்டார்.

"நாளைக்கும் பத்து மணிக்கு அனுப்பிவிடுங்கள்," என்றாள் யோகலட்சுமி.

அவர் தலையாட்டினார். ஆட்களோடு சேர்ந்து அவளும் தீயணைக்க வாளி எடுத்துக்கொண்டு நடந்தாள்.