கல்லடிப் பாலத்தில் எட்டு வினாடி

பன்னிரண்டு மணிக்குப் பாலத்தில் ஆளிருக்காது என்றுதான் அன்ட்றியா நினைத்திருந்தாள். டிசம்பர் முப்பத்தொன்றில் அந்த நேரம் அவளுக்குத் தெரிந்த சனம் எல்லாம் சேர்ச்சில் நள்ளிரவுப் பூசையில் முழந்தாளில் நிற்கும். பத்தொன்பது வருசமாக அவளும் அங்கேதான் நின்றாள். ஊரில் பூசைக்குப் போகாதவர்கள்தான் அதிகம் என்பது, பழைய கல்லடிப் பாலத்தின் நடுவில் ஸ்டான்டை விரித்துக் கமெராவைப் பூட்டிய பிறகுதான் மூளைக்கு எட்டியது.

பாலம் நிறையச் சனம். சைக்கிள்கள், கடலைச் சுருள்கள், ஸ்பீக்கரைத் தோளில் வைத்து ஆடுகிற பெடியன்கள். ஒவ்வொரு குதிப்புக்கும் இரும்பு நடுங்கி, அந்த அதிர்வு ஸ்டான்டின் கால் வழியே ஏறி அவள் விரலுக்கு வந்தது.

"இது பாலத்திர ஆட்டமா, உன்ர நெஞ்சிடியா?" என்றாள் தங்கை ஹெதர்.

"ரெண்டும்தான். வாயைப் பொத்திற்று மட்டையப் பிடிகா."

லென்ஸை மறைக்கிற கறுப்பு மட்டை அது. புதுவருச வாணவெடி வானத்தில் விரியும்போது விலக்கி, எட்டு வினாடியில் மறுபடி மூட வேண்டும்.

அன்ட்றியா வேலை செய்கிற ஸ்டூடியோவின் முதலாளி டொமினிக் அங்கிள் பூசையில் பாடப் போயிருந்தார். பாலத்துக்கடியில் கிடக்கிற வாவிக்கு மேல் வாணம் விரிகிற படம் ஒன்று கடை வாசலில் நாலடி உயரத்துக்குத் தொங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. "வாணத்திர கோடு சுத்தமா வந்தா, தை மாசத்திலயிருந்து கலியாண வீடுகளுக்கு நீ போ. வராட்டி..." என்று நிறுத்தியிருந்தார். வராவிட்டால் என்ன என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருசமாகச் செய்கிற அதே வேலை. பாஸ்போர்ட் படம் எடுத்து வெட்டுவது. "அசையாதீங்க" என்று அவள் சொல்வது கேட்காமல், எதிரே இருப்பவர்கள் "என்ன?" என்று இரண்டு தரம் கேட்பார்கள்.

வாவிக்கரை ஹோட்டலிலிருந்து முதல் வாணம் எழும்பியது. ஹெதர் மட்டையை விலக்கினாள். எட்டு வினாடி கழித்துத் திரையைப் பார்த்தார்கள். பாலம் ஆடியதில் கோடுகள் நெளிந்து சிக்கியிருந்தன.

"இது வாணமில்லகா, இடியப்பம்."

இரண்டாவதும் இடியப்பம். மூன்றாவது அதைவிட மோசம்.

"கரைக்கு ஓடுவமா?"

"போய்ச் சேரக்குள்ள முடிஞ்சிரும். பத்து நிமிசம்தான் விடுவாங்களாம்."

ஹெதர் திரும்பி, "அண்ணாமார், கொஞ்சம் ஆடாம நில்லுங்க!" என்று கத்தினாள். ஒருவன் "ஏன் தங்கச்சி, பாலம் உங்கட சீதனமா?" என்று கேட்டு இன்னும் உயரக் குதித்தான். சனம் சிரித்தது. வானத்தில் புகை கட்டத் தொடங்கியது.

அன்ட்றியாவின் வாயில் தினமும் சொல்வதுதான் வந்தது.

"ஆரும் அசையாதீங்க! படம் எடுக்கிறன்!"

பாலம் நின்றது. ஸ்பீக்கர் பெடியன் தலையைக் கோதினான். ஒரு தாய் பிள்ளையின் மூக்கைத் துடைத்து நிமிர்த்தினாள். எல்லாரும் அவள் பக்கம் திரும்பி, நாடியை உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளோ முதுகைக் காட்டிக்கொண்டு வாவியைப் பார்த்திருந்தாள். ஹெதர் மட்டையை விலக்கினாள். ஐந்தாவது வினாடியில் யாரோ "முடிஞ்சுதா?" என்று கேட்க, எல்லாரும் உடம்பைத் தளர்த்தினார்கள். படத்தில் கோடுகள் நேராக வந்து, அவர்கள் அசைந்த நேரத்து நுனியில் மட்டும் தூண்டில்போல வளைந்திருந்தன.

சைக்கிளோடு நின்ற பாறூக் என்ற ஆள் எட்டிப் பார்த்தார். "எங்கள எங்க, புள்ள?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். "உங்கள எடுக்கல்ல. வாணத்தத்தான் எடுத்தன். பாலம் ஆடுது."

"அடி, எங்கள ஏமாத்திப்போட்டா!" என்றது ஒரு குரல்.

"எத்தின செக்கன் நிக்கணும்?" என்று கேட்டார் பாறூக்.

"எட்டு."

அவர் சைக்கிளைப் பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் சாத்தினார். "கேட்டீங்களா? எட்டு எண்ணுங்க. ஆடுறவன வாவிக்குள்ள போட்டிருவன்!"

கடைசிக் கட்டு வாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீறி எழுந்தன. மட்டை விலகியது. "ஒண்டு... ரெண்டு..." என்று பாலம் முழுவதும் எண்ணியது. ஆறில் ஒரு குழந்தை தும்மியது. யாரும் அசையவில்லை. எட்டில் ஹெதர் மூடினாள்.

அன்ட்றியா படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். இன்னும் பெருப்பித்தாள். ஒவ்வொரு கோடும் தையல் நூல்போல நுனிவரை நேராக இருந்தது. வாவித் தண்ணீரில் விழுந்திருந்த அதன் நிழலும்தான்.

"சரியா புள்ள?" என்றார் பாறூக்.

"ஓம்" என்றாள். பாலத்தின் அந்தக் கோடியிலிருந்து, "என்னவாம்? சரியாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஓம்! சரி!" என்று கத்தினாள்.