நான்கு விதமான வெள்ளை

என் தம்பி ரூடி ஐம்பத்தேழு வயதில் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டபோது நான் எதுவும் சொல்லவில்லை. அவனும் அவன் புது மனைவி கேன்டஸும் ஏரிக்கரையில் ஒரு பழைய வீட்டை வாங்கி, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறோம் என்றபோதும் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு ‘கிசுகிசுக்கும் பிர்ச்’ என்று பெயர் வைத்துப் பலகை மாட்டிய அன்றுதான், வாசலில் நிற்பது பிர்ச் இல்லை, பாப்லர் மரம் என்று மெதுவாகச் சொன்னேன்.

“அது யாருக்குத் தெரியப்போகுது கெயில்?” என்றாள் கேன்டஸ். அந்த மரத்துக்கே தெரியாது என்று அவளுக்கு நம்பிக்கை.

சுப்பீரியர் ஏரியின் இந்தக் கரையில் பதினாறு வருஷமாக வாடகை வீடுகளைச் சுத்தம் செய்கிறவள் நான். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கூட்டம் கிளம்பும். மாலை நாலு மணிக்கு அடுத்த கூட்டம் வந்து நிற்கும். நடுவே உள்ள ஆறு மணி நேரத்தில், ஒரு குடும்பம் ஒரு வாரம் அங்கே வாழ்ந்த தடயமே இல்லாமல் ஆக்க வேண்டும். கொலை செய்தவன்கூட அவ்வளவு சிரத்தையாகத் துடைக்க மாட்டான்.

ஆகவே படுக்கை விரிப்பும் டவலும் எது வாங்கலாம் என்று என்னைக் கேட்டார்கள். கேட்பது வேறு, சொன்னதைக் கேட்டு நடப்பது வேறு.

ஏப்ரல் மாதம், வெளியே இன்னும் பனி கரையவில்லை. கேன்டஸ் சாப்பாட்டு மேஜையில் நான்கு துணிகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள்.

“மனசுல முதல்ல தோணுறதைச் சொல்லுங்க. எது பிடிச்சிருக்கு?”

“எல்லாம் வெள்ளையா இருக்கே.”

“இல்லையே. இது பனி, இது பால், இது தந்தம், இது மேகம்.”

ரூடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். முப்பது வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன், ஒயர்களின் நிறத்தை ஒரு நாளும் தப்பாகப் பார்த்ததில்லை. “மேகம் நல்லா இருக்கு” என்று பாலைத் தொட்டுக் காட்டினான்.

“கேன்டஸ், இந்த ஊர்க் கிணத்துத் தண்ணியில இரும்பு இருக்கு” என்றேன். “இங்க நூறு வருஷமா சுரங்கம் தோண்டினது பொழுதுபோக்குக்கு இல்ல. வெள்ளைத் துணியைப் போட்டா மூணே சலவையில ஆரஞ்சா வரும். சன்ஸ்க்ரீன் பட்டுதுன்னா முதல் சலவையிலயே வரும்.”

“ப்ளீச் போட்டா போயிடும்.”

“போகாது, நிலைச்சுடும். இரும்புக் கறைக்கு ப்ளீச் ஆகவே ஆகாது.”

கேன்டஸ் புன்னகை செய்தாள். “உங்க அனுபவத்தை நான் ரொம்ப மதிக்கிறேன் கெயில்.” கிராண்ட் ராபிட்ஸில் ஒரு வீட்டு அலங்காரக் கடையில் இருபத்திரண்டு வருஷம் மேலாளராக இருந்தவள். அதே குரலில் எத்தனை பேருடைய புகாரை அழகாக மடித்து அலமாரியில் வைத்திருப்பாளோ. “ஆனா வெள்ளைதான் சுத்தத்தோட நிறம். வர்றவங்க கதவைத் திறந்ததும் ஆழமா ஒரு மூச்சு விடணும்.”

“பிரவுன் டவலைப் பார்த்தாலும் மூச்சு விடத்தான் செய்யறாங்க. இது வரைக்கும் யாரும் செத்துப்போகல.”

ரூடி சிரித்தான். மனைவி திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

மே மாதம் பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. நான்கு கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு செட் விரிப்பு. அங்குலத்துக்கு ஆயிரம் நூல் என்று உறையிலேயே அச்சடித்திருந்தார்கள், யாரோ உட்கார்ந்து எண்ணியதுபோல. கட்டிலுக்கு ஒன்பது தலையணை. தூங்க இரண்டு போதுமே, மீதி ஏழு எதற்கு என்று கேட்டேன். “பார்வைக்கு” என்றாள். டவல்களில் உடம்புக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. இன்னும் சில பாகங்கள் விட்டுப்போயிருந்தன. நாகரிகம் கருதி நான் நினைவுபடுத்தவில்லை.

பின்கட்டில் இருந்த சௌனா என்கிற நீராவிக் குளியலறைக்கு வெள்ளை அங்கிகள் எட்டு. ஃபின்லாந்திலிருந்து வந்த எங்கள் ஜனம் சௌனாவுக்குள் பிறந்த மேனியாகத்தான் போவது வழக்கம். ரூடி ஒரு அங்கியைத் தூக்கிப் பார்த்து, “யாருக்காவது ஆபரேஷனா?” என்றான். அன்று அவனுக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது.

ஜூலைக் கடைசியில் முதல் விருந்தாளிகள் வந்தார்கள். மில்வாக்கியிலிருந்து ஒரு குடும்பம், மூன்று பிள்ளைகள். தங்கமான மனிதர்கள். நாள் முழுக்கக் காட்டில் புளூபெர்ரி பறித்தார்கள். பறித்ததைப் படுக்கையில் உட்கார்ந்து தின்றார்கள். வாயை முகத்துக்கான டவலில் துடைத்தார்கள், காலைக் கைக்கான டவலில் துடைத்தார்கள். அம்மா கண்மையைத் தலையணை உறைக்குத் தானம் செய்திருந்தாள். உடம்பெல்லாம் சன்ஸ்க்ரீன் பூசிக்கொண்டு ஏரிக்குப் போய்வந்ததில் பெரிய டவல்கள் எல்லாம் மெழுகு தடவியதுபோல் இருந்தன.

அவர்கள் கிளம்பியதும் அழுக்குத் துணியை எல்லாம் இரண்டு கூடையில் அடைத்துக் கதவோரம் வைத்தேன். என் வீட்டில் இரும்பை வடிகட்டும் கருவி இருக்கிறது. அங்கே கொண்டுபோய்த் துவைப்பதாகத் திட்டம். இரண்டாவது செட்டைக் கட்டில்களில் விரித்து, பார்வைக்கான இருபத்தெட்டுத் தலையணைகளையும் அடுக்கிவிட்டு, குளியலறை தேய்க்க மாடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது கூடைகள் காலியாக இருந்தன.

கேன்டஸ் வாஷிங் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஈர டவல் ஒன்று, ரொட்டியில் தடவுகிற ஆரஞ்சு ஜாம் நிறத்தில். பக்கத்தில் பாதி காலியான ப்ளீச் பாட்டில்.

“என்ன பண்ணினீங்க கெயில்?” என்றாள்.

“நானா?”

“நீங்க முன்னாடியே எதையோ ஊத்தியிருக்கணும். இது பத்து வருஷம் உழைக்க வேண்டிய துணி.”

வாசலில் ரூடி பல்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இதே தண்ணீரில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்துக்கு அவன் போட்டுப்போன சட்டை எல்லாமே இதே நிறம்தான்.

“ரூடி, நீயே சொல்லு” என்றேன்.

அவன் பல்பைப் பார்த்தான். அது எரிந்து பதில் சொல்லும் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. “ரெண்டு பேரும் கொஞ்சம் நிதானமா...” என்றான். அவ்வளவுதான்.

ப்ளீச்சைக்கூட நான் பொறுத்திருப்பேன். அந்த ‘ரெண்டு பேரும்’தான் தைத்தது. வீட்டுச் சாவியை ஆரஞ்சு டவல் குவியல்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் யாரும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை மழை. மத்தியானம் மூணு மணிக்கு நான் ரை தானிய ரொட்டியும் புகைபோட்ட மீனுமாக உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

“அக்கா...”

“யாரு?”

“ரூடிதான்.”

“எந்த ரூடி? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் பல்பைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். அவனா?”

“அக்கா, தயவுசெய்து கேளு. பழைய செட்டு எல்லாம் ஆரஞ்சு. கட்டில்ல கிடந்த ஒரே செட்டைத்தான் காலையில பிடிச்சுத் துவைச்சோம். டிரையர் நாலு தடவை ஓடிடுச்சு. விரிப்பு எல்லாம் சுருண்டு பந்து மாதிரி ஆயிடுது, உள்ள தண்ணி சொட்டுது. ஆயிரம் நூலாம், ஆயிரமும் வயிறு முட்டக் குடிச்சிருக்கு.”

“வெளியில காயப்போடறதுதானே.”

“மழை பெய்யுதுக்கா.”

“அட, கவனிக்கல.”

“கேன்டஸ் டிரையர் முன்னாடி தரையில உட்கார்ந்தவ எழுந்திரிக்க மாட்டேங்கறா. வர வேண்டியவங்க வேற இப்பவே வந்து நிக்கறாங்க. கிரீன் பேயிலேர்ந்து எட்டு நர்ஸுங்க.”

“சரி. நீ சொல்ல வேண்டியது ஒண்ணு பாக்கியிருக்கு.”

மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. “தப்பு என் பேர்லதான்” என்றான். “அவ கூடையை எடுத்து ப்ளீச் ஊத்தினதை நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் நின்னேன். அன்னிக்கு நான் பேசியிருக்கணும்.”

பார்த்தான் என்பது எனக்குப் புதுச் செய்தி. போனை வைத்துவிட்டு மீனை முடிக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் வருஷம் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற எட்டுப் பேர் படுக்க இடமில்லாமல் நிற்கிறார்கள். என் அலமாரியைத் திறந்து உள்ளே இருந்ததை எல்லாம் வண்டியில் அள்ளிப் போட்டேன். கலைமான் படம் போட்ட கம்பளித்துணி விரிப்பு, கட்டம் போட்ட விரிப்பு, பிரவுன் டவல், மெரூன் டவல், மீன்பிடிப் போட்டியில் என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் பரிசாகக் கிடைத்த சால்மன் படம் போட்ட டவல். ஒன்றோடு ஒன்று ஒட்டவே ஒட்டாத குடும்பம். ஆனால் எல்லாம் காய்ந்திருந்தன.

நான் போய்ச் சேர்ந்தபோது நர்ஸுகள் சமையலறையில் ஒயினைத் திறந்துவிட்டிருந்தார்கள். பெர்னடெட் என்று ஆஜானுபாகுவாக ஒருத்தி வந்து என் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

“நீங்க உட்காருங்க. வருஷத்துக்கு ரெண்டாயிரம் படுக்கை போடறவங்க நாங்க. அதுவும் ஆளு மேல படுத்திருக்கும்போதே போடுவோம்.”

பத்து நிமிஷத்தில் நான்கு கட்டிலும் தயார். மூலைகள் தபால் உறைபோல மடிந்திருந்தன. பதினாறு வருஷத்தில் நான் ஒரு மூலைகூட அப்படி மடித்ததில்லை. பெர்னடெட் ஓரமாகக் குவிந்திருந்த தலையணை மலையைப் பார்த்து, “இதுக்கெல்லாம் யாரு நோயாளி?” என்றாள். எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது.

நான் துணி துவைக்கும் அறைக்குப் போனேன். ரூடி சொன்னபடியே கேன்டஸ் தரையில் இருந்தாள். மடியில் ஈர விரிப்பு. அழுது முடித்த முகம்.

“சொல்லிக் காட்டத்தானே வந்தீங்க?”

“அதுக்குத்தான் கிளம்பினேன். வழியெல்லாம் ஒத்திகைகூடப் பார்த்தேன். நல்லா வந்திருந்துச்சு.” பக்கத்தில் உட்கார்ந்தேன். “சரி, கேட்கிறேன், அப்படி என்ன வெள்ளை மேல ஆசை உனக்கு?”

“ஆசையா?” அவள் விரிப்பின் ஓரத்தை மடிக்க ஆரம்பித்தாள். அந்த நிலையிலும் கை தானாக நேராக மடித்தது. “கடையை மூடறோம்னு ஒரு திங்கட்கிழமை சொன்னாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஊழியர் தள்ளுபடி உண்டு, அதுக்கப்புறம் அதுவும் இல்ல. குடோன்ல போய்ப் பார்த்தா மிச்சம் இருந்தது வெள்ளை மட்டும்தான். நாலு விதத்துலயும் கிடைச்சதை அள்ளிட்டு வந்தேன்.”

“அப்ப ஏப்ரல்ல எங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னியே?”

“பெட்டியெல்லாம் அப்பவே கார் ஷெட்ல இருந்துச்சு.”

இல்லாத தேர்வுக்காக அந்தப் பெண்ணை மாதக்கணக்கில் குத்திப் பேசியிருக்கிறேன்.

“இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துட்டு, யாரும் வாங்காததை வாரிக்கிட்டு வந்தேன்னு புருஷனோட அக்காகிட்ட எப்படிச் சொல்றது? சுத்தத்தோட நிறம்னு சொன்னா கொஞ்சம் மரியாதையா இருந்துச்சு.” பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “ப்ளீச் ஊத்தினது நான்தான்.”

“தெரியும்.”

“ரூடி சொன்னாரா?”

“பாட்டிலே சொல்லிடுச்சு.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைக்க ஆயிரம் நூல் விரிப்பைப் பயன்படுத்தினாள். ஈரமாக இருந்ததால் அதற்கும் உதவவில்லை.

நர்ஸுகள் ஒரு வாரம் இருந்தார்கள். அங்கிகளை யாரும் தொடவில்லை. சௌனாவிலிருந்து எட்டுப் பேரும் அலறிக்கொண்டு ஏரிக்குள் பாய்ந்ததை கொஞ்சம் தள்ளிப் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். அன்று மீன் கிடைக்கவில்லை என்றும், பரவாயில்லை என்றும் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் பக்கத்து நகரத்துக் கடைக்குப் போனோம். துணியை நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்ற நிபந்தனையில் நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். நேரே போய், நான் பல வருஷமாக வாங்குகிற பிரவுன் விரிப்பை எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டேன்.

கேன்டஸ் அதை எடுத்து இரண்டு மடிப்பை ஒன்றோடொன்று தேய்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். “வேண்டாம் கெயில். பாதி பாலியெஸ்டர். நாலு சலவையில பொடிப்பொடியா முடிச்சு எழும்பும். வர்றவங்க முதுகைச் சொறிஞ்சுக்கிட்டே நம்மளைப் பத்தி எழுதுவாங்க.”

என் வீட்டு விரிப்புகளில் எல்லாம் அந்த முடிச்சுகள் இருக்கின்றன. அது தண்ணீரின் குற்றம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவள் இரண்டு அலமாரி தள்ளிப் போய், கரும்பாசி நிறத்தில் ஒன்றை எடுத்து வந்தாள். மெல்லிய துணி, முழுப் பருத்தி. ஓரத் தையலை நகத்தால் இழுத்துப் பார்த்தாள். “இருநூறு நூல். அரை மணியில காயும். கறையும் தெரியாது.”

“இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“இருபத்திரண்டு வருஷமா தெரியும்.”

நான் என் பிரவுனைப் பழைய இடத்தில் வைத்தேன். அதை ரூடி பார்க்காமல் இருந்திருக்கலாம்.

டவல் வரிசையில் நானும் கேன்டஸும் துரு நிறத்தில் சீக்கிரமே ஒத்துப்போனோம். அப்போதுதான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த ரூடி, “எனக்கு அந்தப் பச்சைதான் பிடிச்சிருக்கு” என்றான்.

திரும்பிப் பார்த்தோம். வேகவைத்த பட்டாணியை மறுநாள் பார்த்தால் இருக்குமே, அந்தப் பச்சை.

“அது நல்லா இல்லைங்க” என்றாள் கேன்டஸ்.

“கண்ணு தெரியுதாடா உனக்கு?” என்றேன் நான்.

“தெரியுது. எனக்குப் பச்சைதான் வேணும்” என்றான். முகம் சிவந்திருந்தது. ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை, இருமவும் இல்லை.

நானும் கேன்டஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவள் பச்சையில் எட்டு எடுத்து வண்டியில் வைத்தாள்.