சுருளின் வால்

மலிவான கறுப்பு வெள்ளைப் பிலிமைத் தேர்ந்தெடுப்பதில் அந்த வீட்டு மருமகள் கெட்டிக்காரி. கடையில் விற்கும் சின்னச் சின்னச் சுருள்கள் கட்டுப்படியாகா என்று, நீளச் சுருளாக ஒன்றை வாங்கி, காலி டப்பிகளில் தானே சுற்றிக்கொள்வாள். அம்முறையில் ஒரு குறை உண்டு. பிலிமின் வால்முனையை டப்பியின் அச்சில் வெளிச்சத்தில்தான் ஒட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட பகுதி கழுவும்போது கறுத்துவிடும்; ஆகவே ஒவ்வொரு சுருளிலும் கடைசிப் படங்கள் தேறுவதில்லை. இதை அவள் நன்கு அறிவாள்.

கேமராவைக் கண்டாலே அடுக்களைக்குள் ஒளிந்துகொள்பவர் அவளுடைய மாமியார். தோளில் நடக்கவிருக்கும் அறுவைச் சிகிச்சைக்குப்பின் பல மாதங்களுக்குக் கையைத் தூக்கித் தலை பின்ன முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், இடுப்பைத் தாண்டிய கூந்தலை வெட்டிவிட முடிவு செய்திருந்தார்.

"ஏம்மா, வெட்டறதுக்கு முன்னாடி முடியோட என்னை ஒண்ணு எடுத்துடேன். இவ்வளவு வருஷம் வளர்த்ததுக்குச் சாட்சி வேணாமா?"

கேமராவில் இருந்த சுருள் ஏறக்குறைய முடிந்திருந்தது. அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டிருக்கலாம். மிச்சம் வீணாகுமே என்று மருமகளின் மனம் அடித்துக்கொண்டது. வால் வருவதற்குள் இரண்டு மூன்று படங்கள் கிடைக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

மாமியார் கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டு, சன்னலோரம் நிமிர்ந்து அமர்ந்தார். படம் எடுத்து முடிந்ததும் நேரே முடி திருத்தும் கடைக்குப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது, கழுவிய பிலிம் குளியலறைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அடிமுனை முழுவதும் ஒரே கறுப்பு.

"இதுல எங்கம்மா நான்?"

"நீங்க அசைஞ்சுட்டீங்க போல, அத்தை." யோசிப்பதற்குள் பொய் வந்துவிட்டது.

"அடடா! மூச்சைக்கூடப் பிடிச்சுக்கிட்டுத்தானே உட்கார்ந்திருந்தேன். உன் பிலிமையும் பாழாக்கிட்டேனே!" மாமியாரின் கை, பின்னலைத் தேடிப் பிடரிக்குப் போய், வெறுமையைத் தொட்டுவிட்டு இறங்கியது.

மருமகள் பிலிமின் கறுத்த அடிமுனையைப் பிடித்துக் காட்டினாள்.

"இல்ல அத்தை, நீங்க அசையவே இல்ல. மிச்சம் இருக்கேன்னு வால்லயே எடுத்துட்டேன். அந்த இடம் எப்பவும் தேறாது. எனக்குத் தெரியும்."

மாமியார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பிலிமை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"இது என்ன?"

"விளக்குக் கம்பம்."

"இது?"

"அதே கம்பம்தான்... அந்தப் பக்கமா நின்னு எடுத்தது."

"இதுவும் அதுவா?"

"ஆமாம், அத்தை."

"ரொம்ப நல்லா விழுந்திருக்கு," என்றார் மாமியார். "கம்பம் பாரு, அசையாது."

அவர் போய் வெகுநேரமாகியும் மருமகளால் குளியலறையை விட்டு வெளியே வர இயலவில்லை.